ஒரு நூல் தள்ளி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வளவன் தான் செய்த எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆறு தந்திகளையும் பூட்டி முடித்தான். ஏழே கால் ஆவதற்குள் எங்கோ தப்பு நடந்திருப்பது தெரிந்துவிட்டது.

வெறுமனே மீட்டினால் சுருதி சரியாக இருந்தது. கிட்டாரின் கழுத்தில் பதித்த கம்பிகளில் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டினால் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். மெல்லிய இரண்டு தந்திகளில் கேட்கவில்லை. கைபேசியில் சுருதி காட்டும் முள், சுருதி குறைவு என்று இடப்பக்கமே சாய்ந்து நின்றது. தந்திகள் அமரும் பிரிட்ஜில், அவற்றை முன்னே நகர்த்தும் திருகாணியைக் கடைசிவரை திருகிப் பார்த்தான். அதற்கு மேல் இடமில்லை.

ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்தான். மூன்று மில்லிமீட்டர் பின்னால் தள்ளிப் பிரிட்ஜைப் பொருத்தியிருந்தான்.

மூன்று மில்லிமீட்டர் என்றால் பட்டறைக் கணக்கில் ஒரு நூல். அது எங்கிருந்து வந்ததென்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்பா பெரியசாமி நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். பள்ளி லீவிலெல்லாம் வளவன் அந்தப் பட்டறையில்தான் கிடந்தான். கோட்டின் மேல் யாரும் ரம்பம் வைப்பதில்லை. ஒரு நூல் தள்ளித்தான் வைப்பார்கள். கூடினால் சீவிக்கொள்ளலாம், குறைந்தால் ஒட்ட முடியாது. நான்கு வருடம் பொறியியல் படித்தும் பென்சில் பிடித்த கை அதைத்தான் செய்திருக்கிறது. அப்படியானால் படித்தது எங்கே போயிற்று?

முன்பு அவன் செய்த இரண்டு கிட்டார்களும் துளை போட்டே வந்த பாகங்களைக் கோத்தவை. பலகையை அறுத்து முழுதாகச் செய்தது இதுதான் முதல். கல்லூரியில் உடன் படித்த ஜெர்லினுக்காகச் செய்தது. சேலத்தில் ஒரு மாதா கோயில் பாடகர் குழுவில் அவள் கிட்டார் வாசிக்கிறாள். பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

மேட்டூரில் ஒரு கெமிக்கல் கம்பெனி திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தது. அப்பா ஒரே பேச்சாக முடித்துவிட்டார்: "அந்தப் புள்ள கையில வாங்கிட்டுப் போச்சுன்னா நீ இங்கயே இரு. இல்லீனா மேட்டூருக்குப் பொறப்படு. லாரிக்குப் பலகை அடிக்க வேண்டாமுன்னு படிக்க வெச்சா, லாரியே இல்லாம பலகை அடிக்கற."

துளைகளை அடைத்துப் பசை காய ஒரு நாள் வேண்டும். அவனிடம் நான்கு மணி நேரம்கூட இல்லை.

"ஏஞ்சாமி, மூஞ்சி இப்படிக் கெடக்குது?" அம்மா கண்ணாத்தாள் அவன் வேலை செய்யும் கொட்டகையின் வாசலில் நின்றாள். "சோறு உங்கலாம் வா."

"அப்பறமுங்மா."

சொல்லாமல் விட்டால் என்ன? கோயில் பாட்டுக்குக் கழுத்தின் கீழ் ஃபிரெட்டுகளில் சேர்த்து வாசிக்கும் கார்டுகள்தானே? அங்கெல்லாம் இந்தப் பிசகு காதுக்குத் தெரியவே தெரியாது. அவள் வாங்கிப் போய்விடுவாள். நானும் இங்கேயே இருப்பேன். இதை நினைத்தபோது வந்த நிம்மதியே அவனைப் பயமுறுத்தியது.

ஜெர்லின் வந்ததும் கிட்டாரைத் தூக்கி மடியில் வைத்தாள். "என்னடா இவ்ளோ கனம்? லாரிக் கதவையே அறுத்துட்டியா?"

"வாகைப் பலகை."

நான்கு கார்டுகளை வாசித்தாள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்த ஒலியில் தகரக் கூரை லேசாக அதிர்ந்தது. "வளவா, சூப்பர்டா! நிஜமாவே நீதான் செஞ்சியா?" என்று, கொண்டு வந்திருந்த கிட்டார் உறையைத் திறந்தாள். வாசலில் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது அவனுக்கு.

"மேல் ஃபிரெட்டுக்குப் போயி வாசி," என்றான்.

"எதுக்கு?"

"வாசியேன்."

வாசித்தாள். புருவம் சுருங்கியது. மறுபடி வாசித்தாள். "என்னடா, அழுவுது?"

சொன்னான். லாரிப் பட்டறை, நூல், எல்லாம். அவள் ஸ்கேலை வாங்கித் தானே ஒருமுறை அளந்தாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா கோயில் தேர் அன்னைக்கு மேல போயித் தனியா வாசிக்கறப்ப மானம் போயிருக்கும். மைக்கு வேற பக்கத்துல இருக்கும்." காலி உறையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "தேருக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. வெள்ளிக்கிழமை வரேன். அப்பவும் அழுதா பழைய கிட்டாரோட போயிடுவேன், பார்த்துக்க."

சாயங்காலம் அப்பா வந்தார். பிரிட்ஜைக் கழற்றிய இடத்தில் ஆறு துளைகளைப் பார்த்தார்.

"புள்ள வெறுங்கையோட போச்சாமா?"

"ஆமாங்ப்பா. ஒரு நூல் உட்டுட்டேன்."

"பாடியா இருந்தாச் சீவிருக்கலாம்," என்றார். ஒரு துளையை விரலால் தடவிவிட்டு, "மேட்டூருக்கு?" என்றார். வளவன் துளைகளில் மர முளைகளைப் பசை தடவி அடித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை அம்மா டிபன் பாக்ஸில் தயிர்ச்சோறு கட்டி வைத்திருந்தாள். மேட்டூர் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. வளவன் பிரிட்ஜின் புது இடத்தை மூன்று முறை அளந்து, கூர்மையான கத்தி நுனியால் கோடு கீறினான். ட்ரில்லின் முனை வழக்கம்போலக் கோட்டுக்கு வெளியே போய் நின்றது. இடது கையால் வலது கையைப் பிடித்து, கோட்டின் மேலேயே கொண்டுவந்து வைத்தான். இது தவறினால் வேலையும் இல்லை, கிட்டாரும் இல்லை.

"சாமி, பஸ்ஸு போயிருமே?"

"போவட்டுங்மா," என்று சொல்லி ட்ரில்லை அழுத்தினான்.

தந்தி பூட்ட ஒரு மணி நேரம் ஆனது. திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டினான். முள் ஆடியது, நடுவில் வந்து நின்றது. அவன் நம்பவில்லை. கைபேசியை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி மீட்டினான். கட்டி வைத்த தயிர்ச்சோற்றை அவன் சாப்பிட உட்காரும்போது மணி பன்னிரண்டு. அதற்குள் நாற்பது தடவையாவது மீட்டியிருப்பான்.