பையாசுரனுக்குக் குரல் கொடுத்தவன்

தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. சனிக்கிழமைகளில் மட்டும் ஒலிப்பதிவுக் கூடங்களில் குரல் கொடுப்பேன். பெரும்பாலும் விளம்பரம், அறிவிப்பு. அதனால் குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடருக்குக் குரல் தேடுகிறார்கள் என்றதும் ஆசையாகப் போனேன். கடலைச் சுத்தம் செய்யும் ஓர் ஆமைதான் கதாநாயகன். மூன்று நாள் வீட்டில் ஆமையாகவே பேசிப் பழகினேன். மனைவி, "ஆமை இவ்வளவு பேசுமா?" என்று மட்டும் கேட்டாள்.

தேர்வன்று பார்த்து ஜலதோஷம். இரண்டு வரி பேசியதுமே இயக்குநர் அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துள்ளி எழுந்தார்.

"சார், இது ஆமைக்கு வேணாம். நம்ம வில்லனுக்கு அப்படியே பொருந்துது!"

வில்லன் ஒரு பிளாஸ்டிக் பை. பெயர் பையாசுரன். கடலுக்குள் மிதந்து வந்து மீன்களை விழுங்குவான், மூக்கால் சிரிப்பான். ஜலதோஷம் நாலு நாளில் போய்விட்டது. தொடர் போகவில்லை. அதன்பின் ஒவ்வொரு பகுதிக்கும் மூக்கை விரலால் பிடித்துக்கொண்டே பேசினேன்.

தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஃபேரர் பார்க்கில் காய் வாங்கப் போயிருந்தேன். முந்தின நாள் மழையில் நனைந்து மறுபடி மூக்கு அடைத்திருந்தது. கடைக்காரரிடம், "அண்ணே, இன்னொரு பை குடுங்க," என்றேன்.

எனக்குப் பின்னால் கீச்சென்று ஓர் அலறல். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மம்மி! பையாசுரன்! இன்னொரு பை கேக்குறான்!"

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சாரி அங்கிள், டிவி பாத்து இப்படி ஆயிட்டா," என்றார். நான் பெருந்தன்மையாக, "பரவாயில்லம்மா, நான்தான் அந்தக் குரல்," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

சிறுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அந்தக் குட்டி மீனை ஏன் முழுங்குனீங்க?"

"அது... எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன்மா."

"டீச்சர் எழுதிக் கொடுத்தா தப்பையும் படிப்பீங்களா?"

கடைக்காரர் வெண்டைக்காயை நிறுப்பதை நிறுத்திவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"பையே வேணாம்ணே," என்று முதலில் தந்த பையையும் திருப்பிக் கொடுத்தேன்.

"அப்ப எதுல லா கொண்டு போவீங்க?"

தோளில் மாட்டியிருந்த பையில் கத்தரிக்காய், சட்டைப்பையில் பச்சை மிளகாய், வெண்டைக்காய் குடைக்குள். ஈசூன் போகும் ரயிலில் குடை சாய்ந்து வெண்டைக்காய் பெட்டி முழுக்க உருண்டது. பயணிகள் காலடியில் குனிந்து குனிந்து பொறுக்கினேன். ஒரு சீனப் பாட்டி மூன்று காய்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, நான்காவதை முறித்துப் பார்த்து, பிஞ்சுதான் என்று தலையசைத்தார்.

அடுத்த சனிக்கிழமை இயக்குநரிடம் மெதுவாகக் கேட்டேன். "பையாசுரன் ஒரு நாள் திருந்துற மாதிரி எழுதலாமா?"

"அவன் திருந்திட்டா ஆமைக்கு வேலை போயிடும் சார். உங்களுக்கும்தான்."

அன்றைய பகுதியில் பையாசுரன் ஒரு திமிங்கலத்தையே விழுங்கப் பார்த்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, மனதுக்குள் அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பலமாகச் சிரித்துக் கொடுத்தேன். ஒரே டேக்கில் ஓகே ஆனது.