விட்டுக்கொடுக்காத ஆட்டம்

என் அண்ணன் லீவுக்கு வந்தால், மஸ்கட்டுக்குத் திரும்பும் நாள் சாயங்காலம் மட்டும் என்னிடம் தோற்றுப்போவான். மற்ற நாளெல்லாம் அவன்தான் ஜெயிப்பான். பெட்டியெல்லாம் கட்டி முடித்து, திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கார் வருவதற்கு முன்னால் கார்டு விளையாட்டில் ஒரு ஆட்டம் போடுவோம். அதில் நான் ஜெயிப்பேன். அவன் சிரித்துக்கொண்டே என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவான். இது தற்செயல் என்று சில வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்புவதற்கு வசதியாகவும் இருந்தது.

ஒரு தடவை ஜெயித்த சந்தோஷத்தில் அவன் கார்டுகளையும் நானே அடுக்கினேன். அவன் கையில் மிச்சமிருந்ததைப் புரட்டினால், என்னை எப்போதோ முடித்திருக்கக்கூடிய கார்டு அதில் இருந்தது.

"இத ஏன் போடல?" என்று கேட்டேன்.

"கண்ணுல படல மக்கா."

அவன் ஏசி மெக்கானிக். குழாயில் மயிரிழை ஓட்டையைக் கண்டுபிடித்துத்தான் சம்பளம் வாங்குகிறான். கையில் பிடித்திருக்கும் கார்டு கண்ணில் படாதாம். சின்ன வயதில் கேரம் ஆடும்போதும் இதே வேலைதான். நான் உதட்டைப் பிதுக்கினால் சிவப்புக் காயை எனக்கு வாகாகத் தள்ளிவைப்பான். அப்போது எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிறேன். வரிசையில் முண்டியடிக்கிறவர்கள் ஊசிக்குப் பயப்படுவதைவிட என் வாய்க்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். எனக்கு ஜெயத்தைப் பிச்சை போடுகிறானே என்று பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த லீவில், கடைசி நாள் இல்லாத ஒரு நாளில், அவன் முழு மனதோடு ஆடும்போது ஜெயிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இந்த விளையாட்டை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மஸ்கட்டில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர். அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். சீட்டு என்று சொன்னால் எங்கள் கிறிஸ்தவ சபையில் சூதாட்டம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் கார்டு என்றே சொல்லுவோம். ரம்மி மாதிரி எல்லாருக்கும் பொதுவாக ஒரே கட்டு இதில் கிடையாது. ஆளுக்கு ஒரு கட்டு. அதற்கு டெக் என்று பெயர். ஆயிரக்கணக்கான கார்டுகளிலிருந்து எந்த அறுபதைச் சேர்ப்பது என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சக்திக் கார்டை மேஜையில் இறக்கலாம். ஒரு சக்தி இருந்தால் நரிக்குட்டி மாதிரி ஏதாவது சின்னப் பிராணி வரும். ஆறு சக்தி சேர்ந்தால் டிராகன் வரும். பிராணிகளை ஏவி எதிராளியின் இருபது உயிரையும் தீர்த்துவிட்டால் ஜெயம்.

அண்ணனின் டெக் அவனைப் போலவே நிதானமானது. ஆரம்பத்தில் அடியை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். நான் மேஜை நிறைய ஆட்களை இறக்கி நிமிரும்போது, ஒரே கார்டில் அத்தனையையும் கூட்டித் தள்ளிவிடுவான். அந்தக் கார்டுக்கு நாங்கள் வாரியல் என்று பெயர் வைத்திருந்தோம். துடைப்பத்துக்கு எங்கள் பக்கத்துப் பேர் அதுதான். மேஜை காலியான பிறகு பெரிய பிராணி ஒன்றை இறக்கி, அவசரமில்லாமல் என்னைத் தின்பான்.

இதற்கு ஒரே மருந்து முந்திக்கொள்வதுதான் என்று எனக்குப் பட்டது. முதல் சுற்றிலிருந்தே அடிப்பது, பெரியது வருமுன் முடித்துவிடுவது. சின்னச் சின்னப் பிராணிகளாகவே ஒரு டெக் சேர்த்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒனக்க வெப்ராளத்துக்கு ஏத்த டெக்குதான்" என்றார். பொறுமையில்லாமல் பதறுவதை எங்கள் ஊரில் வெப்ராளம் என்போம். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் என்னைத் தவிர வேறு யாரைப் பற்றியும் சொல்லத் தேவைப்படுவதில்லை.

வேலை முடிந்து வந்து, அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வேகும் நேரத்தில், சாப்பாட்டு மேஜையில் எனக்கு நானே ஏழு கார்டு போட்டுப் பார்ப்பேன். முதல் சுற்றில் இறக்க ஏதாவது இருக்கிறதா, இரண்டாவதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கலைத்து மறுபடியும் போடுவேன். சக்திக் கார்டுகள் அதிகமானால் விறகு இருக்கும், அரிசி இருக்காது. குறைந்தால் அரிசி இருக்கும், விறகு இருக்காது. ஒரு நேரத்தில் ஒரு கார்டைத்தான் மாற்றினேன். இரண்டு மருந்தைச் சேர்த்து மாற்றினால் எது கேட்டது என்று தெரியாது; அது என் தொழிலில் படித்தது.

கிழங்கு வெந்ததும் வீட்டுக்காரரை எதிரில் உட்காரவைப்பேன். அண்ணனின் டெக் எனக்கு மனப்பாடம். துண்டுக் காகிதங்களில் அந்தக் கார்டுகளின் பெயரை எழுதிக் கொடுத்து, "நீங்கதான் அண்ணன்" என்பேன். பாவம், பால் ஊற்றாத கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டு அவரும் அண்ணனாக இருந்து பார்ப்பார். அவரிடமும் தோற்றேன். விளையாட்டில் ஆர்வமே இல்லாத ஒரு மனுஷன், "வாரியல் இருக்கு, போடட்டா?" என்று என்னிடமே கேட்டுவிட்டு என்னைக் கூட்டித் தள்ளினார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அது பாதிதான் பொருந்தும் என்று சாதித்துக்கொண்டிருந்தேன். ஆனால் மறுபடி மறுபடி தோற்றபோது ஒன்று புரிந்தது. வேகமான டெக்கை ஆத்திரத்தோடு ஆடக்கூடாது. நான் கையில் உள்ளதையெல்லாம் மேஜையில் கொட்டிவிட்டு, அவர் வாரியலைப் போட்டதும் வெறுங்கையோடு விழித்தேன். அன்றிலிருந்து எத்தனை ஆசை வந்தாலும் இரண்டு பிராணிகளைக் கையிலேயே பிடித்துவைத்தேன். என் சுபாவத்துக்கு அது உண்ணாவிரதம் இருப்பது மாதிரி. பிராணிகளே இல்லாமல் எதிராளியின் உயிரை நேராகக் குறைக்கிற கார்டுகள் சிலவற்றையும் சேர்த்தேன். வீட்டுக்காரர் தோற்க ஆரம்பித்தார். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

மிச்சமிருந்தது டிராகன். அண்ணன் கொண்டுவந்த கார்டு பாக்கெட் ஒன்றைப் பிரித்தபோது எனக்குக் கிடைத்தது அது. பொன் தகடு ஒட்டினாற்போல மின்னும். அண்ணன் ஒவ்வொரு லீவிலும் அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பான். நான் கொடுத்ததே இல்லை. ஆனால் ஆறு சக்தி சேர்வதற்குள் என் டெக்கில் ஜெயமோ தோல்வியோ முடிவாகிவிடும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான். எடுத்து டப்பாவில் போட்டேன். அடுத்த வாரமே அதன் அழகில் மயங்கி நானே திரும்பச் சேர்த்துவிட்டேன். மறுபடி எடுத்தேன். வீட்டில் இருக்கிறவரை இது நிற்காது என்று தெரிந்தது. அண்ணனுக்குக் கொடுக்கலாம் என்றால், அது எனக்கு நானே குழி வெட்டுவது.

அந்த ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்து அவை ஏலம் போகும். விட்டுக்கொடுக்க மனசு வலிக்கிற பொருளைத்தான் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லுவாள். அண்ணனுக்குக் கொடுக்காததை ஆண்டவருக்குக் கொடுப்பதென்று தீர்மானித்து, டிராகனைக் கொண்டுபோய் வாழைக்குலைகளுக்கும் கருப்பட்டிக்கும் நடுவில் வைத்தேன்.

ஏலம் விடுகிற கமிட்டிக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது என்னதுடே, சிறகு வச்ச ஓந்தானா?"

ஓணானைத்தான் அப்படிக் கேட்டார். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தேவிட்டார். "ஓந்தான் இல்ல, வலுசர்ப்பம். சாத்தானுக்க படத்தையா காணிக்கைக்கு வச்சிருக்கு?" பைபிளில் டிராகனுக்கு அந்தப் பெயர்தான்; சாத்தானையும் அதில் அப்படித்தான் சொல்லியிருக்கும்.

"சாத்தானா இருந்தாலும் ஏலத்துல போனா சபைக்குத்தான் கிட்டும். கேளுங்க, கேளுங்க" என்றார் கமிட்டிக்காரர்.

எங்கள் சபையில் எந்தப் பொருளும் மலிவாகப் போய்விடக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் கூட்டிக் கேட்கிற ஒருவர் உண்டு. அவர் கேட்டார். அதற்கு மேல் கூட்டிப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அண்ணன். லீவு ஒரு வாரம் முன்னதாகவே கிடைத்ததாம். யாரிடமும் சொல்லாமல் வந்து இறங்கி, குளித்துவிட்டு நேராக ஆலயத்துக்கு வந்திருக்கிறான். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று மூன்றும் முடிந்தது. டிராகன் அண்ணன் கைக்குப் போனது.

வெளியே வந்ததும் கார்டை என் முகத்துக்கு நேராக ஆட்டினான். "ஏட்டி, எனக்குத் தரமாட்டேன்னு நின்னவ ஆண்டவருக்கு மட்டும் குடுத்தியா?"

"அவரு எனக்கு எதிரா களிக்க மாட்டாரு" என்றேன். ஆடுவதை எங்கள் பக்கம் களிப்பது என்போம்.

"இனி களிப்பாரு" என்று சொல்லி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் நல்ல மழை. அண்ணன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். குழம்பு கொதிக்கட்டும் என்று டெக்குகளை எடுத்தோம். முதல் சுற்றிலேயே நரிக்குட்டியை இறக்கி அடித்தேன். இரண்டாவதில் இன்னொன்று, மூன்றாவதில் இன்னும் இரண்டு. அவன் புருவத்தை உயர்த்தினான். கையிலிருந்த இரண்டு பிராணிகளைப் பிடித்துவைத்திருந்தேன். விரல் அரித்தது. நான்காவது அடியையும் வாங்கிக்கொண்டு அவன் வாரியலைப் போட்டான். மேஜை காலி. வழக்கமாக அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும். அவனும் அதைத்தான் எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தான். நான் மிச்சமிருந்த இரண்டையும் இறக்கினேன்.

அவனிடம் ஐந்து சக்தி இருந்தது. அடுத்த கார்டை உருவிப் பார்த்தான். சக்தி இல்லை. ஒன்றும் செய்யாமல் ஆட்டத்தை என்னிடம் விட்டான். இரண்டு பிராணிகளையும் ஏவினேன். அவனுக்கு மூன்று உயிர் பாக்கி. நேரடியாக மூன்றைக் குறைக்கிற கார்டை மேஜையில் வைத்தேன்.

அவன் கையை விரித்துக் காட்டினான். டிராகன் உள்ளேதான் இருந்தது. டெக்கின் மேல் கார்டைப் புரட்டினான். சக்திக் கார்டு. ஒரே ஒரு சுற்றில் தப்பியிருந்தேன்.

"அண்ணே, நெசமா சொல்லு. விட்டுக்குடுத்தியா?"

"விட்டுக்குடுக்கதுக்கு நான் என்ன பொட்டனா?"

விட்டுக்கொடுக்க அவன் முட்டாள் இல்லையாம். நான் நம்பவில்லை. சிரித்த முகத்தோடு பொய் சொல்வதில் அவனுக்கு எத்தனை வருஷப் பழக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. சன்னல் பக்கம் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டுக்காரர் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். கிழங்கைப் பிட்டு மீன் குழம்பில் தொட்டு வாயில் வைத்தவன் முகத்தைச் சுளித்தான். "என்னட்டி, இதுல உப்பு கூடிப்போச்சு."

வீட்டுக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டுச் சரியாகத்தானே இருக்கிறது என்றார். எனக்கும் தெரியும், உப்பு சரியாகத்தான் இருந்தது. நான் பால் திரிந்த பாயசம் கொடுத்த நாளில்கூட நன்றாயிருக்கிறது என்று இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்த அண்ணன் அவன். என் சமையலில் அவன் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இன்னும் இரண்டு துண்டு மீன் எடுத்து அவன் தட்டில் வைத்தேன். அதையும் தின்றான். கையைக் கழுவிய ஈரம் காய்வதற்குள், "இரி, இன்னொண்ணு களிக்கலாம்" என்றான்.

அந்த லீவு முழுக்க ஆடினோம். அவன்தான் அதிகம் ஜெயித்தான். நானும் சிலதில் ஜெயித்தேன், அவன் கடுப்போடு தோற்றான். மைனி, அதாவது அவன் மனைவி, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த கார்டு சவத்துக்குப் பின்னால மனுஷன் ராத்திரி உறங்கல்ல, கேட்டியா" என்று முறையிட்டாள். நான் வருத்தப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

புறப்படுகிற நாள் சாயங்காலம் பெட்டிகள் வாசலுக்கு வந்தபிறகு உட்கார்ந்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. டெக்கை மூன்று முறை கலைத்தான். எனக்கு நல்ல கார்டுகள் வந்தன. அவனை இரண்டு உயிர் வரை கொண்டுவந்துவிட்டேன். கார் வந்து ஹாரன் அடித்தது. அவன் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தச் சுற்றில் ஆறாவது சக்தியை இறக்கி, அதன்மேல் டிராகனை இறக்கினான். மைனி வாசலிலிருந்து நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டாள். அவன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டி அவளை நிறுத்திவிட்டு, என்னை மிச்சம் வைக்காமல் அடித்து முடித்தான். தலையில் தட்டவில்லை. மேஜைக்கு மேலாகக் கையை நீட்டினான். நானும் நீட்டினேன். குலுக்கிவிட்டு எழுந்தான்.

விமான நிலையம் வரை நாங்களும் கூடப் போனோம். காரில் என் வீட்டுக்காரர் முன்சீட்டிலிருந்து திரும்பி, "கடைசி நாளுல்லா மச்சான், ஒரு களி அவளுக்கு விட்டுக்குடுத்திருக்கலாம்" என்றார்.

"நீங்க ஒண்ணு. அசந்தா அவ என்னைய விடுவாளா?" என்றான் அண்ணன்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தோற்றதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.