வெட்சிப் பூவின் தேன்

குரங்கணியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், பலாமர நிழலில் நான் வளர்த்த வெட்சி ஆள் உயரப் புதராகிச் சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது. அதில் முசுறு எறும்பு கூடு கட்டிவிட்டது. ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்து முடித்த அன்று, டேங்கில் மிஞ்சியதைக் கொட்ட மனமில்லாமல் அந்தச் செடியில் அடித்துவிட்டேன்.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் ஆறு வயது மகள் வாந்தி எடுத்துத் துவண்டாள். ஜீப்பு பிடித்துப் போடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

"ராத்திரி தின்ன பணியாரம் சேரல போல. அண்ணே, வெரசா போங்க!" என்று அக்கா டிரைவரிடம் கத்தினார்.

பிள்ளையின் கைக்குள் வெட்சிப் பூ கசங்கியிருந்தது. தேன் உறிஞ்சியிருக்கிறாள். எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவன் நான். மருந்து டப்பாவில் இருந்த எச்சரிக்கையை வாசித்தவனும் நான்தான். ஆனாலும் வழி நெடுக வாய் திறக்கவில்லை.

"என்ன சாப்பிட்டா?" என்று டாக்டர் கேட்டார். அக்கா பணியாரத்தைச் சொல்லத் தொடங்கினார்.

"இல்லக்கா. அவ தேன் உறிஞ்சின பூவுல நான் மருந்தடிச்சிருந்தேன்" என்று மருந்தின் பெயரையும் சொன்னேன்.

அக்கா என் சட்டையைப் பிடித்தார். "ஜீப்புலயே சொல்ல வாய் வரலையாடா ஒனக்கு?"

பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் பூப்பறிக்க வந்தால், "மாமா, மருந்து அடிச்சீகளா?" என்று கேட்கிறாள். "இல்லத்தா" என்கிறேன். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் பூவில் கை வைக்கிறாள்.