சிவந்த எலுமிச்சை

வித்தைக்காரர் எந்தக் கையை ஆட்டுகிறாரோ அதை நான் பார்க்கமாட்டேன். சும்மா இருக்கும் கையைத்தான் பார்ப்பேன். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் வேலை எனக்கு. கனம் கூடட்டும் என்று முற்றிய இலையைச் சாக்கின் அடியில் திணித்து, மேலே இளங்கொழுந்தைப் பரப்பிக் கொண்டுவருவார்கள். சாக்குக்குள் கைவிட்டுப் பார்த்துப் பார்த்தே எவரையும் நம்பாத புத்தி வந்துவிட்டது. கோயில் திருவிழாவுக்கு மேஜிக் காட்ட வரும் ஆள்கூட என்னை முன்வரிசையில் கண்டால் முகம் சுளிப்பார்.

அதனால், என் தங்கைக்குச் செய்வினை எடுக்க ஒருவர் வருகிறார் என்றதும் நானும் போய் உட்கார்ந்தேன். தங்கைக்கு மார்பில் ஒரு கட்டி. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று மூன்று மாதமாகக் கூப்பிட்டு என் வாய்தான் வலித்தது.

எலுமிச்சை நான் கியா பார்ம் சந்தையில் வாங்கியது. பழத்தில் சூது இருக்க வழியில்லை. கத்தி மட்டும் அவருடைய பையிலிருந்து வந்தது. பழத்தால் அவள் தலையை மூன்று முறை சுற்றினார். எல்லோர் கண்ணும் அதன் பின்னாலேயே சுற்றியது. வெட்டியதும் சாறு ரத்தச் சிவப்பாக வடிந்தது. தங்கையின் புருஷன் கும்பிட்டு அழுதார்.

"மூணு வாரம் இப்படி எடுக்கணும். ஆஸ்பத்திரி கத்தி மட்டும் படக்கூடாது," என்றார் வந்தவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறானே என்று மனதுக்குள் திட்டினேன்.

மறுநாள் என் வீட்டுக் கத்தியில் சிவப்புச் சாயம் தரும் பொருள்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தேன். பீட்ரூட், குங்குமம் எல்லாம் வெட்டுவதற்கு முன்பே காட்டிக்கொடுத்தன. கடைசியில் வேலியோரச் செம்பருத்தி இதழைக் கசக்கித் தடவி உலரவைத்தேன். பழைய கறை போலத்தான் தெரிந்தது. எலுமிச்சையை வெட்டினேன். சிவந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

தங்கையைத் தனியாக அழைத்து, அவள் கண்முன்னே இன்னொரு பழத்தை வெட்டிக் காட்டினேன். வெறும் பூச்சாறு, அவ்வளவுதான் என்றேன்.

அவள் அதிசயப்படவே இல்லை. "தெரியும்க்கா. கத்தியில கறை இருந்துச்சு. நானும் பாத்தேன்."

தெரிந்துமா உட்கார்ந்திருந்தாய் என்று கத்தினேன். அவள் மேசையில் சிந்திய சிவப்பு நீரை விரலால் துடைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா அது என்னன்னு பேர் சொல்லிடுவாங்கல்ல. இவரு மூணு வாரம் கொடுத்தாரு. அதுவரைக்கும் எனக்கு இது வெறும் செய்வினைதான்."

அவளைப் போய் இத்தனை நாளும் முட்டாள் என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்து, நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய்விடலாம் என்றேன்.

"டாக்டர் சொல்றப்ப நீயும் உள்ள இருப்பியாக்கா?"

இருப்பேன் என்றேன். ஒன்றும் ஆகாது என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நடுங்கிக்கொண்டிருந்த என் கையைத்தான் பார்த்தாள்.