முந்நூற்றுப் பதினேழு மில்லிமீட்டர்

எங்கள் தொழிற்கூடத்தில் அவரை எல்லோரும் 'பீடிங் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்தது 1987 ஜூன் 8, திங்கட்கிழமை. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. அன்று காலை அவருக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்ததை ஸ்டோர் பதிவேட்டில் எழுதியவன் நான். கையுறையை அவர் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதைப் போட்டுக்கிட்டா விரலுக்கு ஒண்ணும் தெரியலைங்க" என்றார். அதையும் எழுதி வைத்தேன்.

நாங்கள் செய்தது ஆள் உயர இரும்புத் தகட்டுப் பெட்டிகள். மோட்டாரையும் பம்பையும் இயக்கும் ஸ்விட்சுகள் அதற்குள் இருக்கும். ஒயர்கள் உள்ளே போக, பெட்டிக்கு நான்கு வட்ட ஓட்டைகள். தகட்டை அச்சில் அடித்து எடுத்த ஓட்டை என்பதால் அதன் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். மோட்டார் ஓடும்போது பெட்டி அதிரும். அதிர அதிர ஒயர் அந்த ஓரத்தில் உரசி, மேலுறை அறுந்தால், மின்சாரம் பெட்டியின் உடம்பில் பாயும். கதவைத் திறக்கக் கை வைப்பவர் பிழைப்பது சந்தேகம். இது நடக்காமல் இருக்க, நடுவில் பள்ளம் உள்ள ஒரு ரப்பர் பட்டையை அந்த ஓரத்தின் மேல் கவ்வ வைப்போம். அதுதான் பீடிங்.

1994இல் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் அக்காவுக்கு வலது முட்டி உடைந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. அதனால் ஜன்னலோர மேசையில், சாய்மானம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்தே வேலை செய்தார். ஓட்டையின் சுற்றளவு 314 மில்லிமீட்டர். அவர் பட்டையை 318க்கு வெட்டுவார். மேல் நடுவில் ஆரம்பித்து, கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டு வருவார். கடைசியில் மிஞ்சும் நாலு மில்லிமீட்டரை, நிரம்பிய பெட்டியில் இன்னொரு சட்டையைத் திணிப்பது போல உள்ளே தள்ளுவார். பிறகு சுண்டுவிரலால் ஒரு சுற்று. திருப்தியானால் சாக்பீஸில் ஒரு கோடு. அந்தக் கோடு விழாமல் யாரும் ஒயர் இழுக்க மாட்டார்கள்.

1999 ஜனவரியில் புது சூப்பர்வைசர் வந்தார். நல்ல மனிதர், எண்களில் பிரியம் உள்ளவர். பிப்ரவரி முதல் தேதி பீடிங் மேசைக்கு இன்னொரு ஆளும் சேர்ந்தார். அக்காவின் நாத்தனார்தான், கணவரின் தங்கை. ஒரு மாதம் போனதும் சூப்பர்வைசர் என் பதிவேட்டை வாங்கி இரண்டு நாள் வைத்திருந்தார். மார்ச் 2, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு நேராக அந்த மேசைக்குப் போனார்.

"அக்கா, ஒரு ஓட்டைக்கு நீங்க எடுக்கிறது முன்னூத்திப் பதினெட்டு. உங்க நாத்தனார் முன்னூத்திப் பத்துல முடிச்சிடறாங்க. அது எப்படி?"

"நான் சிக்கனக்காரி சார்" என்றார் நாத்தனார். "எங்க அண்ணிக்குக் கையும் தாராளம், வாயும் தாராளம்."

"இவ இழுத்து மாட்டறா சார்" என்றார் அக்கா. "ரப்பர்தானே, இழுத்தா வரும். அப்புறம் தன் வீட்டுக்குத் திரும்பிப் போயிடும்."

"எந்த வீட்டுக்கு?"

"அதோட பழைய நீளத்துக்கு."

சூப்பர்வைசர் நாத்தனார் மாட்டிய பெட்டியைக் குனிந்து பார்த்தார். பட்டையின் இரண்டு நுனிகளும் சேரும் மூட்டில் மயிரிழை இடைவெளிகூட இல்லை. அன்றைய நிலவரம் அதுதான்.

"இல்லாத இடைவெளிக்காக நான் எப்படி ரப்பர் கொடுக்கிறது? திங்கள்கிழமை முதல் ரெண்டு பேருக்கும் முன்னூத்திப் பத்துதான். உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, பேக்கிங்ல ஒரு ஆள் குறையுது."

பேக்கிங் என்றால் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்யும் வேலை. அக்காவின் முட்டிக்கு அது வீட்டுக்குப் போ என்று சொல்வதற்குச் சமம். என் பதிவேட்டில் இருந்த எண்கள் சரியானவைதான். ஆனால் எவ்வளவு ரப்பர் போனது என்றுதான் அதில் இருந்தது, எப்படி மாட்டினார்கள் என்று அதில் இல்லை. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்காவே பேசிவிட்டார்.

"ஒரு வாரம் கொடுங்க சார். கழிச்சுப் போட்ட பழைய மாடல் கதவு ரெண்டு கிடக்கு, இதே அளவு ஓட்டை ஆளுக்கு ஆறு. ஒண்ணுல நான் மாட்டறேன், ஒண்ணுல இவ மாட்டட்டும். பெயிண்ட் காய வைக்கிற அடுப்புச் சுவரோரம் சாத்தி வைங்க, அங்கே எப்பவும் சூடு. ஏழு நாள் கழிச்சு அளந்து பாருங்க. நான் சொன்னது தப்புன்னா நானே பேக்கிங்குக்கு நடந்து போறேன்."

"நடந்தா? உங்களைத் தூக்கிட்டுல்ல போகணும்" என்றார் நாத்தனார். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அன்று சாயங்காலம் நாத்தனார் தன் அண்ணன் வீட்டுக்கு, அதாவது அக்காவின் வீட்டுக்கு, போனதை மறுநாள் அவரே என்னிடம் சொன்னார். ஒரே ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீடு. அண்ணன் தையல்காரர், கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தையல் மெஷின். நாத்தனார் உட்காரக்கூட இல்லை.

"அண்ணி, நாளைக்கு நான் இன்னும் நல்லா இழுத்து மாட்டிடறேன். ஏழு நாள்ல பல்லைக் காட்டிடும். நீங்க ஜெயிச்சுடுவீங்க."

"எப்பவும் மாட்டற மாதிரியே மாட்டு. ஒரு இம்மிகூட கூட்டாதே. எனக்கு உன் உதவியில ஜெயிக்க வேண்டாம்."

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். "இதுல சந்தேகம் என்ன? இடுப்பு எலாஸ்டிக்கை நான் இழுத்துப் பிடிச்சுத்தான் தைக்கிறேன். விட்டதும் சுருங்கினாத்தானே மடிப்பு விழும்."

"உங்களுக்கு அது சுருங்கறது வேலை. எனக்கு அது சுருங்கறது வினை" என்றார் அக்கா. "சாப்பிட வாங்க ரெண்டு பேரும்."

மார்ச் 3 காலை பதினொரு மணிக்குக் கதவுகள் சுவரோரம் போயின. அந்த ஏழு நாளில் அக்கா ஒருமுறைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் தினம் இரண்டு முறை போய்ப் பார்த்தார்.

மார்ச் 10, அதே பதினொரு மணிக்கு நான்தான் அளந்தேன். நாத்தனாரின் ஆறு ஓட்டைகளில் இடைவெளி 4, 4, 5, 4, 6, 5 மில்லிமீட்டர். ரப்பர் விலகிய இடத்தில் தகடு பளபளத்தது. இரண்டில் மூட்டு கீழே இருந்தது, ஒயரின் கனம் முழுக்க உட்காரும் இடத்தில். சூப்பர்வைசர் நம்ப முடியாமல் விரலை வைத்துத் தேய்த்தார்.

"சார், அங்கே வேண்டாம்!" என்று அக்கா சொல்வதற்குள் ரத்தம் துளிர்த்துவிட்டது.

"சிக்கனம் கடிக்குது சார்" என்றார் நாத்தனார், தலையைக் குனிந்துகொண்டே.

அக்காவின் கதவில் இடைவெளியே இல்லை. ஆனால் அதில் இருந்த குறையை முதலில் சொன்னதும் அவர்தான். "இந்த ரெண்டுலயும் மூட்டு லேசா எழும்பியிருக்கு பாருங்க. நாலு மில்லி கொஞ்சம் ஜாஸ்தி. மூணு போதும். முன்னூத்திப் பதினேழுன்னு எழுதுங்க."

சூப்பர்வைசர் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இவங்க மாட்டினது எத்தனை வெளியே போயிருக்கு?"

பதிவேட்டைத் திறந்தேன். பிப்ரவரி முதல் நாத்தனார் கைப்பட்டது இருபத்திரண்டு பெட்டிகள், எண்பத்தெட்டு ஓட்டைகள். ஒன்றும் போகவில்லை. எல்லாம் மரச்சட்டம் அடித்து பேக்கிங் கொட்டகையில் நின்றன.

"இவ இழுக்கறதை நான் போன மாசமே கவனிச்சேன்" என்றார் அக்கா. "சொந்தக்காரின்னு சும்மா இருந்துட்டேன். அது என் தப்பு. நானே சரி பண்ணிடறேன்."

மறுநாள் காலை அவருடைய நாற்காலி பேக்கிங் கொட்டகைக்குப் போனது. அங்கிருந்த மேஸ்திரியிடம், "ஆள் கேட்டீங்களாமே, வந்திருக்கேன். முதல் பெட்டியைப் பிரிங்க" என்றார்.

"அக்கா, இந்த ஆணியெல்லாம் அடிச்ச கைவலியே இன்னும் போகலை!"

"அப்ப வலியோட வலியா பிடுங்கிடுங்க."

நாத்தனார் வெட்டினார், அக்கா அழுத்தினார். நான்காவது பெட்டியின்போது சூப்பர்வைசர் திருத்திய வரைபடத்தோடு வந்தார். 317 மில்லிமீட்டர், இழுக்கக் கூடாது, மூட்டு மேலே வர வேண்டும். சரிபார்த்தவர் என்ற இடத்தில் அக்காவின் கையெழுத்துக்காகக் காலியாக விட்டிருந்தார். அக்கா வரி வரியாக வாசித்துவிட்டுப் பேனாவைத் தொடாமல் கேட்டார்: "மேலேன்னா எது மேலே? பெட்டியைப் படுக்க வெச்சுத்தானே மாட்டறோம்? அம்புக்குறி போடுங்க சார்."

சூப்பர்வைசர் அங்கேயே, ஒரு மரச்சட்டத்தின் மேல் தாளை வைத்து, அம்புக்குறி போட்டார். அக்கா கையெழுத்திட்டார். மார்ச் 16 பிற்பகல் மூன்று நாற்பதுக்குக் கடைசிப் பெட்டியை மூடினார்கள். அன்றே நாற்காலி ஜன்னலோர மேசைக்குத் திரும்பியது. 2021 மே 31, ஓய்வு பெறும் நாள் வரை அவர் அதில்தான் உட்கார்ந்தார்.