இரண்டு ரூபாய் நோட்டில் பிள்ளையார் சுழி

எங்கள் மகளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் கண்டு, ஜன்னி வந்து, கண் மேலே செருகிவிட்டது. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் என் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குள்ளேயே பழனியாண்டவரிடம் பேசிக்கொண்டு வந்தாள். "இவளைப் பொழைக்க வெச்சுக் குடுத்துரு சாமி. நான் பால் பீச்சி வர்ற காசுல உனக்கு முடிஞ்சு வெச்சு, இவளையும் கூட்டிக்கிட்டு நடந்தே வாரேன்." அந்த ஆண்டவன் கேட்டான். குழந்தை பிழைத்தாள்.

அன்றிலிருந்து பால் சொசைட்டியில் காசு வாங்கும்போதெல்லாம் அவள் ஒரு இரண்டு ரூபாய் நோட்டைத் தனியே எடுத்து வைப்பாள். பால் காசு மொத்தமும் முதலில் ஒரே தகரச் சம்படத்தில்தான் விழும் என்பதால், சாமி காசு கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு நோட்டின் தலையிலும் சிவப்புப் பேனாவால் ஒரு பிள்ளையார் சுழி போடுவாள். பிறகு மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவாள். வீட்டில் எத்தனை முடை வந்தாலும் அந்த முடிச்சின் மேல் யார் கையும் பட்டதில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் முடை நிறையவே வந்தது. நான் ஒரு பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கோ வளைகுடாவில் சண்டை என்றார்கள், பெட்ரோல் ஏறியது என்றார்கள். வெளிநாட்டுக்குக் கொடுக்கக் கவர்மெண்டிடம் பணம் இல்லை, நோட்டு அடிக்கிற மத்திய வங்கி நாட்டுத் தங்கத்தையே வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்துவிட்டது என்று டீக்கடைப் பேப்பரில் படித்தோம். பட்டறையில் வாரத்தில் பாதி நாள் மிஷின் நின்றது. ஆனாலும் அடுத்த தைப்பூசத்துக்கு நடந்து போவது என்று தீர்மானம் செய்துவிட்டோம். மகளுக்கும் அதற்குள் நன்றாக நடக்கிற வயதாகிவிட்டது. இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

மார்கழியில் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். மஞ்சள் ஏறி நோட்டெல்லாம் வாழைச்சருகு போலத் தொய்ந்து கிடந்தது. "சாமிக்கு இப்படியா குடுக்கறது? பேங்குல குடுத்துப் புது நோட்டா மாத்திக்கிட்டு வாங்க" என்றாள். நானும் கொண்டுபோனேன். எங்கள் ஊர் பேங்கில் கேஷியர் ஒரு நோட்டை எடுத்தார், அடுத்ததை எடுத்தார், பிறகு மொத்தத்தையும் என் பக்கமே தள்ளிவிட்டார்.

"ஏனுங்க, எல்லாத்துலயும் சாமி எழுத்து இருக்குதுங்களே. இதை மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லீங்க."

"செல்லாதுங்களா?"

"செல்லும் செல்லாதுன்னு நான் சொல்லப்படாதுங்க. டவுன்ல பெரிய கிளையில இதுக்குன்னே ஒரு ஆபீசர் இருக்காரு. மத்திய வங்கி விதியைப் பார்த்து அவர் சொல்றதுதான் முடிவு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அன்றைக்கு என் மனைவியின் அண்ணன் வந்திருந்தார். வெள்ளகோவிலில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், எதற்கும் சிரிப்பவர்.

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க மாப்ளே? உண்டியல்ல போட்டுட்டு வாங்க. சாமி என்ன, வெளிச்சத்துல புடிச்சா பார்க்கப் போகுது?"

"உண்டியலை எண்ணி அவங்களும் பேங்குக்குத்தானுங்க கொண்டு போவாங்க? அங்க வேண்டாம்னு தள்ளிட்டா நான் சாமிக்கு என்னத்தைக் குடுத்ததா ஆகும்?"

"அப்ப மளிகைக் கடையில குடுத்து மாத்துங்க. சுழியைப் பார்த்தா செட்டியார் கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கிக்குவாரு."

"பேங்குல தள்ளினதுன்னு தெரிஞ்சே அவர் தலையில கட்டறதுங்களா?"

அவர் தங்கையைப் பார்த்தார். "கேட்டியா அம்மணி? தங்கத்தையே ஏரோப்ளான்ல ஏத்தி அடகு வெச்சுப்போட்டாங்க. உம் புருசன் ரெண்டு ரூவா நோட்டுக்கு நாயம் கேக்கப் போறாரு!" அவளும் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கையில் வேறு பணம் இருந்தால் அதைப் போட்டுவிடலாம் என்பதல்ல விஷயம். பால் பீச்சின காசு என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அந்தக் காசு காசுதானா என்பது தெரியாமல் என்னால் மாலை போட்டுக்கொள்ள முடியாது.

நான் எட்டாவதோடு நின்றவன். நோட்டில் இங்கிலீஷில் ஏதோ வரி இருக்கிறதே, அது என்ன என்று பட்டறைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். இதைக் கொண்டு வருகிறவருக்கு இரண்டு ரூபாய் கொடுப்பதாக உறுதி சொல்கிறேன் என்று மத்திய வங்கித் தலைவர் கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொன்னார். அத்தனை நாள் கையில் புழங்கியும் அது எனக்குத் தெரியாது. அப்படியென்றால் எங்கள் முடிச்சில் இருந்த ஒவ்வொரு காகிதத்திலும் இரண்டு பேர் கொடுத்த வாக்கு இருந்தது. ஒன்று அந்தப் பெரியவருடையது, மற்றது என் மனைவியுடையது. ஒன்று பொய்த்தால் மற்றதும் பொய்த்துப்போகும். பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினேன்.

பெரிய கிளையில் அந்த ஆபீசர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். கோபமில்லாத முகம். பக்கத்து மேஜையில் ஒரு கிளார்க் தம்பி இருந்தார். ஆபீசர் நோட்டுகளை மேஜையில் பரப்பிவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"நோட்டு எல்லார் கைக்கும் போறதுங்க. அதுல ஒரு கட்சியோ ஒரு மதமோ பேச ஆரம்பிச்சா நல்லா இருக்காதுங்க. அதனாலதான் அப்படிச் செய்தி சொல்ற எழுத்து இருந்தா மாத்திக் குடுக்கப்படாதுன்னு விதி வெச்சிருக்காங்க."

அது எனக்குச் சரியாகவே பட்டது. எங்கள் பட்டறைக்குப் பித்தளை கொண்டுவரும் கோட்டைமேட்டுப் பாய் கைக்கும் இதே நோட்டுத்தான் போகிறது. அவர் நோட்டில் என் சாமி எதற்காகப் பேச வேண்டும்? அதை ஒத்துக்கொண்டேன்.

ஆபீசர் ஒரு நோட்டைத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏனுங்க, இது தமிழ் எண்ணுல ரெண்டுதானுங்களே? பழைய காலத்து ரெண்டு இப்படித்தான் இருக்கும். ரெண்டு ரூவா நோட்டு, தலையில ரெண்டுன்னு போட்டிருக்குது. அப்படித்தானுங்களே?"

அவர் எங்களுக்காக ஒரு கதவைத் திறந்துவிடுகிறார் என்பது எனக்கே புரிந்தது. ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புது நோட்டோடு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடலாம். என் மனைவியைப் பார்த்தேன். அவள் வெறும் மஞ்சள் துணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க சார். அது பிள்ளையார் சுழிங்க."

"நான் வழி விடறேன், நீங்க கதவைச் சாத்தறீங்களே!"

"பழனியில இருக்கற தம்பிக்குப் போற காசுங்க சார். அண்ணனை இல்லைன்னு சொல்லிப்போட்டு அதை எப்படிங்க மலைக்குக் கொண்டு போறது?"

"அவங்க ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே ஒரு பழத்துல மனத்தாங்கலுங்க" என்றாள் என் மனைவி. கிளார்க் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அப்ப மதச் சின்னம்னு எழுதித் தள்ளிரட்டுங்களா?" என்றார் ஆபீசர். குரலில் கொஞ்சம் எரிச்சல் வந்திருந்தது.

"சட்டப்படி எதுவோ அதை எழுதுங்க சார். பொய் சொல்லி வாங்கினா மட்டும் எனக்கு வேண்டாம்ங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். குடுக்கறேன்னு இதுல ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்காரு. இவ போட்ட சுழி அவர் வாக்கை அழிச்சுருமுங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அதுதானுங்க கேள்வியே. தங்கத்தை அடகு வெச்சாங்கன்னு ஊரே ஏசுது. எதுக்கு வெச்சாங்க? குடுக்கறேன்னு சொன்ன எடத்துல சொல் தவறப்படாதுன்னுதான். சொல் போச்சுன்னா இதெல்லாம் வெறுங் காகிதமுங்க. இருங்க, காரணத்தை எழுதித்தான் எதையும் செய்யணும்."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். தாளின் தலையில் பேனாவை வைத்தவர், ஒரு சுழி சுழித்துக் கோடு இழுத்துவிட்டு, அப்படியே நின்றுவிட்டார்.

எல்லோரும் அந்தத் தாளையே பார்த்தோம். தாளின் தலையில், நீல மையில், அழகான உகரம்.

"அட!" என்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "பள்ளிக்கூடத்துப் பழக்கம், கை கேக்குதுங்களா?" கிளார்க் பக்கம் திரும்பினார். "ஏந்தம்பி, இப்ப நான் என்ன சொல்லியிருக்கறேன்?"

"ஒண்ணுமே சொல்லலீங்க சார். நீங்க இன்னும் எழுதவே ஆரம்பிக்கலீங்களே."

ஆபீசர் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். அதைக் கிழித்துப் போடவில்லை. அந்தச் சுழிக்குக் கீழேயே எழுதினார். நோட்டுகளில் இருப்பது எழுதத் தொடங்குமுன் போடும் குறி, இதற்குக் கீழே எதுவும் எழுதப்படவில்லை, யாருக்கும் எந்தச் செய்தியும் சொல்லவில்லை என்று எழுதி வாசித்துக் காட்டினார். "மேல கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்று புது நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார்.

ஆனால் ஒரு நோட்டைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தார். அது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் முடிந்த முதல் நோட்டு. அதில் சுழிக்குக் கீழே, 'முருகா எங் கண்ணைக் காப்பாத்து' என்று கோணல் எழுத்தில் இருந்தது. அவள் அப்படி எழுதியது எனக்கே அதுவரை தெரியாது.

"இது பேசுதுங்க அம்மணி. இதை நான் வாங்க முடியாது."

"பேசினதுதானுங்க" என்றாள். "நாந்தானுங்க பேசினேன்." கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டில் முருகன் படத்தின் கண்ணாடிக்குள் அது இன்றைக்கும் இருக்கிறது.

மாலை போட்டோம். கூட்டம் புறப்படுகிற நாள் காலையிலும் மாட்டில் பீச்சிச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, குறைந்த அந்த ஒரு நோட்டுக்காக அங்கேயே கேட்டு ஒரு இரண்டு ரூபாய் வாங்கிவந்தாள். புது நோட்டுகளோடு அதைச் சேர்ப்பதற்கு முன் பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டாள். வெளியே அரோகரா சத்தம் கேட்டது. மகள் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இப்ப என்ன பண்ணட்டும்?" என்றாள் என்னிடம்.

நான் பதில் சொல்வதற்குள் அவளே பேனாவைக் கீழே வைத்தாள். ஆள்காட்டி விரலை நோட்டின் தலையில் வைத்து, மை இல்லாமல், நிதானமாக ஒரு சுழி சுழித்துக் கோடு இழுத்தாள். பிறகு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, "வா கண்ணு, நடக்கலாம்" என்று மகளின் கையைப் பிடித்தாள்.