புல் இல்லாத மைதானத்தின் சேகு மீரான்

சேகு மீரான் பாய் அடக்கமாகி நான்கு நாள் கழித்துத்தான் பரமக்குடியில் என் கைக்கு அஞ்சலட்டை வந்தது. “வாப்பா மவுத்தாயிட்டாக. உங்களுக்கு எழுதச் சொல்லியிருந்தாக” என்று அவர் மகன் இரண்டே வரி எழுதியிருந்தார். படித்துவிட்டு யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. இந்த ஊரில் அவரை அறிந்தவன் நான் ஒருவன்தான்.

மண்டபம் பக்கத்தில் அவரைப் ‘பந்துக்கார பாய்’ என்று அறிந்தவர்கள் உங்களில் இருக்கலாம். அவருடைய கோல்ப் மைதானம் எப்படிப் போனது என்பது உங்களுக்குத் தெரியாது. போக்கியவன் நான்.

வெள்ளைக்கார அதிகாரிகளுக்காக உச்சிப்புளிக்குக் கிழக்கே கடலோரம் அந்த ஒன்பது குழிகளையும் அமைத்தவர் அவர்தான். சுதந்திரம் வந்ததும் துரைமார்கள் கப்பலேறினார்கள். பாய் மட்டும் அங்கேயே இருந்தார். எல்லாரும் வந்து ஆடும் பொது மைதானமாக அதை ஆக்கித் தரும்படி சர்க்காருக்கு மனுப் போட்டார். இடத்தைப் பார்த்து எழுத சர்வேயரான என்னை அனுப்பினார்கள்.

நான் போனது வெள்ளிக்கிழமை உச்சிவேளை. வெள்ளிக்கிழமைத் தொழுகையைப் பற்றி அறியாத எனக்கு, அந்த நேரத்தில் பாய் பள்ளிவாசலில்தான் இருப்பார் என்று தோன்றவே இல்லை. கோல்ப் என்றால் பச்சைப்புல் என்று ஏதோ பத்திரிகைப் படத்தில் பார்த்திருந்தேன். அங்கே கண்ணுக்கெட்டிய வரை மணல். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அரைமணி நேரத்தில் எழுதி முடித்தேன்.

பிறகு ஒரு ஞாயிறன்று, நான் இன்னும் இடத்தைப் பார்க்கவில்லை என்று நினைத்து, அவரே என்னைத் தேடிவந்து கூட்டிப்போய்க் காட்டினார். குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதிலாக, சலித்த மணலில் ரயில் எஞ்சினின் கழிவெண்ணெயைக் கலந்து தட்டிய வட்டத் தளம். ஆடியவர் போனதும் ஈரச்சாக்கை இழுத்துக் கால்தடத்தை அழிக்க வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் பந்தடிக்கத் தொடங்கும் மேடை இரண்டு, ஒன்று மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு, மற்றது வடக்கிலிருந்து வரும் வாடைக்கு. “கப்பக்காரன் பேரன் நானு. காத்தக் கேக்காம குழி வெட்டுவனா?” என்று சிரித்தார். என் அறிக்கை அதற்குள் மேலே போயிருந்தது. திருத்தி எழுதியிருக்கலாம். மேலதிகாரியிடம் திட்டு வாங்கப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. இங்கிலீஷ் என்பதால் அதை என்னிடமே கொண்டுவந்து, “படிச்சுச் சொல்லுங்க சர்வேயரய்யா” என்றார். படித்தேன். ‘வெறும் மணல் தரிசு. புல் ஏதும் இல்லை. எந்த உபயோகத்திலும் இல்லை. சவுக்கு நடலாம்.’

“யாரு எழுதுனது?”

“நான்தான் பாய்.”

தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “வெள்ளிக்கிழமையா வந்தீக?”

“ஆமா.”

“தொழுகைக்குப் போயிருந்தேன்” என்றார், தப்பு அவருடையது போல. பிறகு எழுந்து, “புல்லு இல்லைன்னுதான எழுதுனீக, பொய் எழுதலயே. சவுக்கு நடுறதுக்கு முன்ன வார ஞாயித்துக்கெழம வாங்க, ஒரு ஆட்டம் ஆடுவோம். என்கூட ஆட இங்கன ஆளே இல்ல” என்றார்.

“வாரேன் பாய்” என்றேன். போகவில்லை. எந்த முகத்தோடு போவது? மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு பரமக்குடிக்கு வந்துவிட்டேன்.

அட்டை வந்த மறுநாள் பாயின் ஊரான பெரியபட்டினம் போனேன். அந்த ஞாயிறைப் பற்றி அவர் மகனிடம் கேட்டேன்.

“சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் உங்களப் பாத்துக்கிட்டே இருந்தாகளாம். அப்புறம் ரெண்டு பந்து எடுத்து, ஒண்ணு தனக்கு, ஒண்ணு சர்வேயருக்குன்னு ஒன்பது குழியும் தனியா ஆடியிருக்காக.”

“யார் ஜெயிச்சாங்க?” என்று ஏன் கேட்டேனோ, கேட்டுவிட்டேன்.

“நீங்கதானாம். வீட்டுக்கு வந்து உம்மாகிட்ட அப்படித்தான் சொன்னாக.”

பாய் எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். நான் போகாத ஆட்டத்தில் அவர் எனக்குக் கொடுத்த ஜெயம்.